மார்க்கெட் மேட்டு வீட்டை விற்க விடாத கதை

கண்ணுகளா,

பெரியவள் போன வாரம் என் போனுக்கு ஒரு படம் அனுப்பி, "அப்பா, இது நம்ம பழைய ஊடுதானே?" என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே சின்னவன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றைப் போட்டிருந்தான். நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தமிழைத் தட்டி முடிப்பதற்குள் எனக்கு இன்னொரு வயது ஏறிவிடும் என்பது ஒரு காரணம். இதற்குப் பதில் இரண்டு வரியில் அடங்காது என்பது இன்னொன்று. அதனால் தாளில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

ஆமாம், அதே வீடுதான். ஆனால் விளம்பரம் எழுதியவன் யாரோ பெரிய கவிஞன். "ஆங்கிலேயர் காலத்துப் பாரம்பரிய மாளிகை விற்பனைக்கு. பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல்கள், கணப்புடன் கூடிய அறைகள், பர்மா தேக்கு மாடிப்படி." மாளிகையாம்! அந்த மாளிகையில் குளிக்க வேண்டுமென்றால் தகரக் குடத்தில் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்கு ஓட வேண்டும். மெதுவாக நடந்தால் போய்ச் சேருவதற்குள் பச்சைத்தண்ணீர் ஆகிவிடும். பள்ளத்தாக்கு என்று எழுதியிருப்பது குன்னூர் மார்க்கெட்டின் முதுகுப்பக்கம். ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது மீன்கடைத் தகரம், அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்க்கும் குரங்குகள். மேகம் மனசு வைத்தால், அப்புறம்தான் மலை.

உங்கள் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "மாடிப்படியத் தொடைக்கவே இல்ல" என்றாள். அவ்வளவுதான் அவள் தீர்ப்பு.

எனக்கோ அந்தப் படியைப் பார்த்ததும் உருளைக்கிழங்கு மணத்தது. சிரிக்காதீர்கள். ஈரமண், சாக்கு, கொஞ்சம் அழுகல், எல்லாம் சேர்ந்த மணம். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஆறுமுகம் அண்ணனின் கிழங்கு மண்டி. பிக்கட்டிப் பக்கமிருந்து லாரியில் மூட்டை வரும். அண்ணனும் ராசாத்தி அக்காவும் மண்டிக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தார்கள். மேலே இரண்டு அறைகளில் நாங்கள். அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான், கீழே கடை, மேலே குடித்தனம், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி, ஒல்லியாக உயர்ந்து நிற்கும். எங்கள் வீடு யாரோ ஒரு துரை கட்டியது. அவர் கப்பலேறியபின் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார். அவருக்குக் குளிர் ஆகாது. வாங்கியவர் மேலே வந்ததே இல்லை.

நான் அப்போது வெலிங்டன் பட்டாளத்து ஸ்டோரில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பட்டாளத்தில் வேலை என்று ஊரில் சொல்லியே எனக்குப் பெண் கொடுத்தார்கள். கம்பளியையும் பூட்ஸையும் அடுக்கி வைக்கிற வேலை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். "சுடத் தெரியுமுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். "சோளக்கதிர் சுடுவேன்" என்றேன்.

இப்படி இருக்கையில், ஓர் ஆவணி மாதம் புரோக்கர் தங்கவேலு வந்து வாசலில் நின்று, "ஊடு வெலைக்கு வருதுங்க. பாக்கறதுக்கு ஆளுக வருவாங்க. கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வயிற்றில் அப்போது பெரியவள். தலைப்பிரசவத்துக்குப் போக அம்மாவுக்குத் தாய்வீடு கிடையாது. அவளுடைய அம்மா அப்பா இரண்டு பேரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் ஒருவர், எஸ்டேட் லைன் வீட்டில் ஒற்றை அறையில் தன் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தார். ஆகவே பிரசவம் இங்கேதான். வாங்குகிறவன் வெளியே போகச் சொன்னால் குன்னூரில் வேறு வீடு பிடிக்க வேண்டும். பெண் கிடைத்தாலும் கிடைக்கும், வாடகைக்கு ஊடு கிடைக்காது என்று சொல்லுகிற காலம். அதிலும் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டுக்காரர்கள், "புள்ள பொறந்து தீட்டெல்லாம் கழியட்டும், பொறவு வாங்கோ" என்பார்கள். தை மாசக் குளிரில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அன்றைக்கு மண்டியில் கூடினோம். நாலே பேர்தான் என்றாலும் மாநாடு மாதிரி இருந்தது. நான், "ஊட்டுல பேய் இருக்குதுன்னு சொல்லிருவோம் அண்ணா" என்றேன். ஆறுமுகம் அண்ணன் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவர். காதைப் பொத்திக்கொண்டார்.

"பொய் சொல்லப்படாது தம்பி. முருகன் பாத்துக்கிட்டிருக்கான்."

"அப்ப என்னதான் சொல்றது?"

"உண்மையச் சொல்லு. ஆனா உண்மைய முழுசாச் சொல்லோணும்னு எந்தச் சாமி சொல்லுச்சு?"

அது என்ன நியாயமோ, எங்கள் நால்வருக்கும் அன்றைக்கு வேதம் மாதிரி இருந்தது.

மலையில் தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். வெயிலில் காய்ந்த தகரத்தின்மேல் சட்டென்று மேகம் வந்து மூடினால், சூடு இறங்க இறங்க அது 'டங்... டடங்...' என்று சத்தம் போடும். யாரோ மேலே நடப்பது போலவே இருக்கும். எங்களுக்குக் காதிலேயே விழாது. சமவெளியிலிருந்து வந்தவன் வாசலைத் தேடுவான்.

முதலில் வந்தவர் திருப்பூர்க்காரர். அந்தச் சாயங்காலம் அவ்வளவாகக் குளிரே இல்லை. ஆனாலும் மனுஷன் மப்ளர், அதற்குமேல் குரங்குக் குல்லா, அதற்குமேல் ஒரு துண்டு என்று கண் மட்டும் தெரிய வந்திருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், திருப்தி. கதவை ஆட்டிப் பார்த்தார், திருப்தி. அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கியது. 'டடங்.'

"ஏனுங்க, அதென்ன சத்தம்?"

ராசாத்தி அக்கா அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "அதுங்களா? தெனமும் வருமுங்க. பழகிரும்" என்றார்.

"தெனமுமா? என்ன அது?"

"பழகிருமுங்க."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா, சொல்லுங்கள். திருப்பூர்க்காரர் படியிறங்கிய வேகத்தில் பர்மா தேக்கே முனகியது.

அடுத்து புகை. மாடியில் பெரிய கணப்பு ஒன்று இருந்தது. அதன் புகைபோக்கியின் தொண்டையில் ஓர் இரும்புத் தகடு. அதை இழுத்துவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும். நெருப்பு இல்லாதபோது மழையும் வாடைக்காற்றும் உள்ளே இறங்காமல் இருக்கத் துரை செய்து வைத்த ஏற்பாடு. நாங்கள் என்ன செய்தோம் என்றால், தகட்டை இழுத்து மூடிவிட்டு, மழையில் ஊறிய கற்பூர மர விறகை, அதுதான் தைல மரம், வைத்து நெருப்பு மூட்டினோம். "இது பொய்யில சேராதா அண்ணா?" என்று கேட்டேன். "வாயால சொன்னாத்தான் பொய். கையால செய்யறது வேலை" என்றார் அண்ணன். புகையென்றால் அப்படி ஒரு புகை. தைல வாடையோடு கண்ணைப் பிடுங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவர் அதற்குள் நின்றுகொண்டு விடாமல் கேள்வி கேட்டார்.

"எப்பவும் இப்பிடித்தானுங்களா?"

"வெறகு ஈரமா இருந்தா இப்பிடித்தானுங்க."

"வெறகு எப்பக் காயுமுங்க?"

"வெயிலடிச்சாக் காயுமுங்க."

"வெயில் எப்ப அடிக்குமுங்க?"

நாங்கள் நால்வரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். வெளியே எதிர்வீடே தெரியவில்லை. மேகம் வெள்ளைத் துணி கட்டினாற்போல் நின்றது. அவருக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

தங்கவேலு நொந்துபோனார். ஒருநாள் என் தோளில் கைபோட்டு, "நீங்க பேசறதுல ஒரு பொய்யையும் என்னால புடிக்க முடியல. அதுதான் எனக்கு வவுத்தெரிச்சல்" என்றார். அவருக்கு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன். வர்க்கி என்றால் இப்போது பஸ் ஸ்டாண்டில் பெட்டி பெட்டியாக விற்கிறார்களே, அது இல்லை. விறகு அடுப்பில் சுட்டது. கடித்தால் சட்டை முழுக்க உதிரும். அது கிடக்கட்டும், எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்போது ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி வந்தார், சென்னியப்பன் என்று பெயர். கூடவே அவர் சம்சாரம் வள்ளியம்மாள். நல்ல உயரம், வாயில் வெற்றிலை, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். நாங்கள் ஒன்றும் குறை வைக்கவில்லை. புகை, இருமல், "பழகிரும்", எல்லாம் ஒழுங்காக நடந்தது. சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நமக்கு வேண்டாம், வா" என்று முதலில் படியிறங்கினார். வள்ளியம்மாள் மட்டும் கணப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் கீழே வந்து வறுகடலை தின்று கொண்டாடினோம்.

கடலை தீரவில்லை, வாசலில் தங்கவேலு. பின்னால் தொப்பலாக நனைந்து புருஷனும் பெண்சாதியும். மலை ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டிலும் மரம் விழுந்து பஸ் இல்லை. வழியில் மாட்டிக்கொண்டவர்களால் லாட்ஜுகள் எல்லாம் நிறைந்துவிட்டன. தங்கவேலு என்னைப் பார்த்து இளித்த இளிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கேதான் நாங்கள் செய்த தவறு. தவறு என்று தெரிந்துகொண்டேதான் செய்தோம்.

வள்ளியம்மாளுக்கு உதடு நீலம் பூத்திருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உள்ள வாங்கோ அக்கா" என்று கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். போனதும் முதல் வேலையாகத் தகட்டைத் தள்ளித் திறந்துவிட்டாள். ஈர விறகை இழுத்து வெளியே போட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அங்கே காய்ந்த விறகு இருந்தது. பிள்ளை பிறந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வைக்க என்று வெயில் கண்ட நாளெல்லாம் உலர்த்தி, அவளே சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதை எடுத்து அடுக்கி மூட்டினாள். கணப்பு 'கும்' என்று பற்றிக்கொண்டது.

நான் ஆறுமுகம் அண்ணனிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நம்ம விரலே நம்ம கண்ணக் குத்துது தம்பி" என்றார். சொன்னவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? தன்னுடைய கனத்த கம்பளியை என் கையில் திணித்து, "இதக் கொண்டுபோய் அந்தப் பெரியவருக்குக் குடு. நமக்குச் சாக்கு இருக்குது" என்றார். ராசாத்தி அக்கா சாம்பலில் கிழங்கு சுட்டு எடுத்து வந்தார். அம்மா மிளகு ரசம் வைத்தாள். ஈரோட்டுக்காரர் கணப்பு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, சுட்ட கிழங்கை ஊதி ஊதித் தின்றுவிட்டு, "ஏம்மா, அப்ப வந்தப்ப இங்க புகையா இருந்துச்சே?" என்றார். நாங்கள் எல்லோரும் ரசத்தைக் குடிப்பதில் மும்முரமானோம்.

விடிந்தபோது மழை நின்றிருந்தது. இத்தனை நாள் மூடிக்கிடந்த மேகம் கீழே இறங்கிப் பஞ்சுப்பொதியாகக் கிடந்தது. அதற்குமேல் தேயிலைச் சரிவு முழுக்க வெயில். அந்த வீட்டு ஜன்னலில் அப்படி ஒரு காலை எப்போதாவதுதான் வரும். வந்தது பாருங்கள், வரவே கூடாத அன்றைக்கு! குரங்குகள்கூட ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தன.

வள்ளியம்மாள் காபி டம்ளரோடு ஜன்னலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "அம்மிணி, உன்னையத்தான் கேக்கறேன். இது நல்ல ஊடா?" என்றார்.

நான் அவருக்குப் பின்னால் நின்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். தலையை ஆட்டினேன், கூரையைக் காட்டினேன், இருமிக்கூடப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"நல்ல ஊடுங்க அக்கா. தகரம் சூடு எறங்கறப்பச் சத்தம் போடும், வேற ஒண்ணுமில்ல. காஞ்ச வெறகு போட்டாக் கதகதன்னு இருக்கும். இங்க வந்துதான் எனக்கு ஊடுன்னா என்னன்னே தெரிஞ்சுது" என்றாள்.

அவர்கள் போனபின் ஆறுமுகம் அண்ணன் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து, "முழுசாச் சொல்லிட்டியே அம்மிணி!" என்றார்.

"நேராக் கேட்டாங்களே அண்ணா. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு என்னத்தச் சொல்றது?"

"சொல்லு, சொல்லு. நாளைக்கு அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு மீன்கடை மேல குரங்கோட குடியிரு." திட்டினாரே ஒழிய, அன்றைக்கு மத்தியானம் ராசாத்தி அக்காவிடம் காய்ந்த விறகு கொடுத்தனுப்பினார்.

கார்த்திகையில் வீடு ஈரோட்டுக்காரர் பெயருக்கு மாறியது. காலி செய்ய வேண்டும் என்று தங்கவேலு சொல்லிவிட்டுப் போனார். நான் வேலை விட்டு வந்ததும் தெருத்தெருவாக வீடு தேடினேன். "ஊட்டுல எத்தன பேருங்க?" என்பார்கள். "இப்போதைக்கு ரெண்டு பேருங்க" என்பேன். அந்த 'இப்போதைக்கு' என்பதிலேயே கதவு சாத்திக்கொள்ளும். அண்ணனின் நியாயப்படி பாதி உண்மையோடு நிறுத்தியிருக்கலாம். வெறும் 'ரெண்டு' என்று சொல்ல எனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை. அம்மாவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மார்கழி பிறக்கும் முன்னால் வள்ளியம்மாள் தனியாக வந்தார். வந்தவர் மாடியேறி, நேராகக் கணப்புக்குள் தலையை விட்டு எதையோ பார்த்தார். பிறகு கையில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டே எங்கள் முன்னால் உட்கார்ந்தார்.

"நாங்க சித்திரை வெயிலுக்குத்தான் இங்க வருவோம். மத்த மாசமெல்லாம் பூட்டி வெச்சா இந்த ஊடு என்ன ஆகும் அம்மிணி?"

"பூசணம் புடிச்சுருமுங்க அக்கா. தெனமும் கொஞ்சமாச்சும் தீ போடோணும்."

"அப்ப நீங்களே இருந்து போடுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அந்தத் தகட்ட மட்டும் இழுத்து மூடிறாதீங்க தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

நான் ஜன்னல் வழியாகக் குரங்குகளைப் பார்த்தேன்.

எங்களுக்கு வீடு தப்பியது. ஆறுமுகம் அண்ணனுக்குத் தப்பவில்லை. கீழ்த்தளத்தில் சென்னியப்பனின் மச்சினன் துணிக்கடை வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வள்ளியம்மாள் தன் தம்பி விஷயத்தில் அசையவில்லை. அண்ணன் மூட்டைகளை ஏற்றி, பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கொட்டகைக்குப் போனார். போகிற அன்று அம்மா அழுதாள். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா..." என்றாள். "அட போ அம்மிணி. நீ பொய் சொல்லி நான் இந்த ஊட்டுல இருந்தேன்னா முருகன் எனக்கு ஒரு கிழங்கு மொளைக்க விடுவானா?" என்றார் அவர். முகம் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவளே, நீ பிறந்ததும் உன்னை எடை பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை. அண்ணன் தன் கிழங்குத் தராசை அவரே தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார். ஒரு தட்டில் துணி விரித்து உன்னைப் படுக்க வைத்து, "முதல் தரம்! சொத்தையே இல்ல!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

குவாட்டர்ஸ் கிடைத்து நாம் கிளம்பும்வரை அந்த வீட்டில் தீ அணைந்ததே இல்லை. அதன்பிறகு ஈரோட்டார் பிள்ளைகள் அதை லாட்ஜ் ஆக்கினார்கள். யாரோ கைமாற்றி வாங்கினார்கள். பிறகு பூட்டிக் கிடந்தது.

முந்தாநாள் உங்கள் அம்மாவிடம் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குன்னூருக்குப் பஸ் ஏறினேன். வீட்டைச் சுற்றிக் காட்ட ஒரு வாலிபப் புரோக்கர் இருந்தான். நானும் வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டான், நான் மறுக்கவில்லை. கணப்புக்குள் செங்கல் வைத்து அடைத்து, அதன் முன்னால் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள். கூரைக்குக் கீழே வெள்ளைப் பலகை அடித்திருக்கிறார்கள். மேகம் வந்தது, போனது. ஒரு சத்தமும் இல்லை. அந்தத் தெருவில் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாப் புகைபோக்கியிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை கிளம்பும். இப்போது எந்தக் கூரையிலும் ஒரு கோடு இல்லை. மண்டி இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். ஆறுமுகம் அண்ணனும் இல்லை, ராசாத்தி அக்காவும் இல்லை. அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

"உங்க பட்ஜெட் எவ்வளவுங்க சார்?" என்றான் அந்த வாலிபன். "பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்று சின்னவனின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போன் வந்தால் மரியாதையாகப் பேசு தம்பி.

அவன் பூட்டிக்கொண்டு போனபிறகு வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சீகை மரக் கன்று முளைத்து விரலளவு தடித்திருந்தது. விட்டால் அது ஒரே வருஷத்தில் படியைப் பிளந்துவிடும். குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். வலது பக்கமும் இடது பக்கமும் ஆட்டி ஆட்டி இழுத்தேன். வேரோடு வந்தது. சந்தில் கல் ஒன்றைச் செருகி, காலால் மிதித்து இறுக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.